ஒரு சொட்டு எண்ணெய்கூடத் தொடாத கமலா

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடங்கள் ஆகின்றன. கொழுப்பைப் பற்றி எனக்கு எவ்வளவு தெரியாது என்பதை இந்த இரண்டு வருடங்களில் எல்லோரும் எனக்குக் கற்பித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் முப்பத்து மூன்று வருடம் உணவு ஆலோசகராக இருந்தவள் நான். ஆனால் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்ததும் பாடம் நடத்துபவர் பெனடிக் அண்ணன். வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கறுப்புக் காப்பியில் ஒரு கட்டி வெண்ணெயைப் போட்டுக் கலக்கிக் குடிக்கிறார்.

"பிலோமினா, நீங்கல்லாம் சேர்ந்து இத்தன வருஷமா எங்கள ஏமாத்திட்டீங்க லா. கொழுப்புதான் நல்லது. சோறுதான் எமன்."

எட்டுக் கிலோ இறங்கியிருக்கிறாராம். பாராட்டினேன். இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறியிருக்கிறதாம். அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். பரிசோதனைக் கூடத்து மெஷின் கோளாறாக இருக்கும் என்றார். மெஷின்களுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அதே வாரம் நித்யா கூப்பிட்டாள். எனக்குக் கீழே வேலை பழகியவள், இப்போது என் நாற்காலியில் இருப்பவள். "மேடம், முப்பது செகண்ட் வீடியோ ஒண்ணு எடுக்கிறோம். கொழுப்பு நல்லதா கெட்டதா, ஒரே வார்த்தையில சொல்லிடுங்க. மக்களுக்கு நீளமா சொன்னா போரடிக்குது."

சுருக்கமாகச் சொல்லி ஒரு பெண்ணை அறுவை சிகிச்சை மேசை வரைக்கும் கொண்டுபோய் விட்ட அனுபவம் எனக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதனால் வீடியோவுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன். போரடித்தால் மன்னிக்கவும்.

கோலாலம்பூரில் நான்கு வருடம் படித்தேன். அந்தப் படிப்பின் சாரம் இதுதான்: ஒரு கிராம் மாவுச்சத்தில் நான்கு கலோரி, ஒரு கிராம் கொழுப்பில் ஒன்பது. நான்கைவிட ஒன்பது பெரியது. ஆகவே கொழுப்பை விரட்டு. ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த இந்தக் கணக்கைப் படித்து முடித்ததற்கு எனக்கு ஒரு கறுப்பு அங்கியும் தொப்பியும் மாட்டிப் படம் எடுத்தார்கள்.

ஜார்ஜ் டவுனில் வேலைக்குச் சேர்ந்தபோது உலகமே அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தது. பிஸ்கட் பெட்டிகளில் 'கொழுப்புக் குறைவு' என்று பெரிதாக அச்சடித்து, குறைத்த கொழுப்புக்குப் பதில் சர்க்கரையைக் கொட்டி விற்றார்கள். நாங்களும் எங்கள் பங்குக்கு ஒரு இளஞ்சிவப்புத் தாள் அச்சடித்திருந்தோம். தேங்காய்ப்பால், நெய், முட்டை, கச்சாங் என்கிற கடலை, பொரித்த மீன் எல்லாவற்றுக்கும் படம். ஒவ்வொரு படத்தின்மேலும் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. அந்தத் தாளின் பெரிய அளவுப் பிரதி ஆஸ்பத்திரிக் கேன்டீன் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. அதன் கீழே உட்கார்ந்துதான் டாக்டர்கள் தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோறு சாப்பிடுவார்கள்.

என் மேலதிகாரி மேடம் கூ. பினாங்குச் சீனப் பெண்மணி, அப்போது ஐம்பதை நெருங்கியிருந்தார். நோயாளிகளிடம் மலாய், என்னிடம் ஆங்கிலம், திட்டுவதற்கு அவருடைய தாய்மொழி ஹொக்கியன். இங்கே அவர் பேசியதைத் தமிழில் தருகிறேன், திட்டியதைத் தரவில்லை.

நான் சேர்ந்த முதல் வாரத்தில் கேன்டீனிலிருந்து ஒரு கிண்ணம் கோழிக்கறி வாங்கிவரச் சொன்னார். பசிக்கிறதுபோல என்று நினைத்து ரொட்டியும் சேர்த்து வாங்கிப் போனேன். ரொட்டியை என்னிடமே தந்துவிட்டு, கறியை மூடி ஐஸ்பெட்டியில் வைத்தார். மறுநாள் காலையில் மேலே மஞ்சளாக உறைந்து நின்றதை வழித்தெடுத்துத் தராசில் போட்டார். முள்ளை என் கண்ணுக்குப் படாமல் கையால் மறைத்துக்கொண்டு, "பட்டம் வாங்கினவள் ஆயிற்றே, எத்தனை கிராம்?" என்றார். நான் சொன்னது உண்மையில் பாதிகூட இல்லை. "நல்லது. இனிமேல் ஊகிக்காதே. கேள்" என்றார்.

கேட்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். மேசையில் ஒரு சோற்றுக் கிண்ணம், ஒரு தேக்கரண்டி, ஒரு சூப்புக் கரண்டி, ரப்பரில் செய்த முட்டை, மீன் துண்டு. நோயாளி உட்கார்ந்ததும் முதல் கேள்வி, நேற்று எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், வாயில் முதலில் போனது எது. அங்கிருந்து படுக்கைக்குப் போகும் வரை ஒரு சுற்று. அது முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து இன்னொரு சுற்று: யார் சமைத்தது, எதில் வதக்கியது, எந்தக் கரண்டியால் ஊற்றியது. மூன்றாவது சுற்று, நடுவில் கொறித்ததற்கும் குடித்ததற்கும். இருபது நிமிடத்துக்குக் குறைந்தால் மேடம் கூ அதை ஏற்கமாட்டார். கேட்கும்போது நம் முகத்தில் ஒன்றுமே தெரியக் கூடாது. "முகம் சுளித்தால் நோயாளி பொய் சொல்வார். முகம் மலர்ந்தால் அதைவிடப் பெரிய பொய் சொல்வார்" என்பார்.

ஏழெட்டு வருடம் இப்படி ஓடிய பிறகு, எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நான் முடிவு செய்திருந்த காலத்தில், கமலா வந்தாள்.

முப்பத்து நான்கு வயது. ஜெலுத்தோங்கில் ஒரு அடுக்குமாடி வீடு. கணவர் லாரி ஓட்டுநர். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். தினமும் காலையில் பெக்டரி பஸ் ஏறிக் கடல் பாலத்தைக் கடந்து, அக்கரையில் புக்கிட் தெங்காவில் இருந்த தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய் வருவாள். தொண்ணூற்றாறு கிலோ, கொலஸ்ட்ராலும் கூடுதல். ஆனால் அவளை என்னிடம் ஓடிவர வைத்தது எடையல்ல.

"எங்கப்பா சாப்பாட்டு மேசையிலேயே போயிட்டாரு மிஸ்ஸி. சோத்துல கை வெச்சபடியே. அம்பத்தோரு வயசு. நாந்தான் பக்கத்துல உக்காந்திருந்தேன். என் பிள்ளைங்க அதப் பாக்கக் கூடாது."

ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுப்புப் போட்ட பெண் எல்லோரும் அந்தக் காலத்தில் மிஸ்ஸிதான். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். இருபது நிமிடக் கேள்விகளை ஆறு நிமிடத்தில் முடித்தேன். இளஞ்சிவப்புத் தாளை நீட்டினேன். அவள் ஒவ்வொரு சிவப்புக் கோட்டையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"எண்ணெய எவ்வளவு கொறைக்கணும் மிஸ்ஸி?"

"எவ்வளவு முடியுமோ அவ்வளவு."

இதுதான் நான் சொன்னது. நித்யாவின் வீடியோவுக்குக் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும்.

எங்கள் தொழிலில் ஒரு உண்மை உண்டு. நாம் சொல்வதை யாரும் கேட்பதில்லை. பத்துப் பேரிடம் எண்ணெயை நிறுத்து என்றால் ஒன்பது பேர் பேருக்குக் கொஞ்சம் குறைப்பார்கள், ஒருவர் கூட்டுவார். அதனால்தான் எங்கள் தாள்கள் யாரையும் பெரிதாகக் கொல்லாமல் இருந்தன. கமலா அந்தத் தாளில் இருந்ததை அப்படியே செய்தாள். அப்படி ஒருத்தி வருவாள் என்று நாங்கள் யாருமே எதிர்பார்க்கவில்லை.

முதல் மாதம் ஆறு கிலோ. இரண்டாவது மாதம் ஐந்து. நான்காவது மாத முடிவில் பத்தொன்பது கிலோ இறங்கியிருந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வரிசையில் காத்திருந்தவர்கள் முன்னால் அவளை நிறுத்தி, "பாருங்க, மனசு வெச்சா முடியும்" என்று பேசினேன். அவளைப் படம் பிடித்து அறிவிப்புப் பலகையில் மாட்டினேன். படத்தில் அவள் சிரித்தாள், கன்னம் ஒட்டியிருந்தது. அதை அழகு என்றே நினைத்தேன்.

"முடி கொட்டுது மிஸ்ஸி. தோலெல்லாம் வறண்டு போய் வெடிக்குது."

"ஷாம்பூ மாத்திப் பாருங்க" என்றேன். பட்டம் வாங்கினவள் ஆயிற்றே.

மேடம் கூ அவளுடைய எடை வரைபடத்தைக் கையில் எடுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "மனிதர்கள் படியில் இறங்குகிற மாதிரி இறங்குவார்கள். நடுவில் நிற்பார்கள், ஒரு படி ஏறுவார்கள். இது மாடியிலிருந்து விழுந்த மாதிரி இருக்கிறது. அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று மறுபடி கேள்."

சரி மேடம் என்றேன். கேட்கவில்லை. நேரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், என் வெற்றியைப் பார்த்து அவருக்குப் பொறாமை என்று நினைத்தேன். இதை எழுத இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

ஐந்தாவது மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. பெக்டரி பஸ் பாலத்தின் நடுவில் போய்க்கொண்டிருந்தபோது கமலாவுக்கு வலது விலா எலும்புக்குக் கீழே வலி பிடித்தது. தோள் வரைக்கும் ஏறியதாம். இருக்கையிலிருந்து சரிந்து தரையில் சுருண்டுவிட்டாள். பாலத்தில் பஸ் திரும்ப முடியாது. அக்கரை வரை போய், கூட வேலை பார்த்த பெண்கள் டாக்சி பிடித்து, மறுபடி அதே பாலத்தில் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். பித்தப்பை நிறையக் கல். ஒரு கல் குழாயில் இறங்கி அடைத்திருந்தது. கண் மஞ்சளாகிவிட்டது, காய்ச்சலும் இருந்தது.

செய்தி கேட்டு வார்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"மன்னிச்சிருங்க மிஸ்ஸி. நேத்து சொந்தத்துல ஒரு கல்யாணம். ஒரு துண்டு பொரிச்ச கோழி சாப்ட்டுட்டேன். ஒரே ஒரு துண்டு. அஞ்சு மாசமா ஒரு சொட்டு எண்ணெய்கூட தொடல, சத்தியமா. டாக்டரும் எண்ணெய் சாப்பிட்டா வலி வரும்னு சொன்னாரு. எல்லாம் என் நாக்கால வந்தது."

அந்த நிமிடமே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு.

"பரவால்ல. இனிமே கவனமா இருங்க."

மறுநாள் மேடம் கூ கிண்ணத்தையும் கரண்டிகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, "வா" என்று முன்னே நடந்தார். கமலாவின் கட்டில் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காய்ச்சல் தணிந்திருந்தவளிடம் மூன்று சுற்றும் கேட்டார். தமிழில் கேட்டு எழுதியது நான். காலையில் சர்க்கரை போட்ட கறுப்புக் காப்பி, நாலு பிஸ்கட். பத்து மணிக்கு ஜாம் தடவிய ரொட்டி. மத்தியானம் சோறு, ரசம், அவித்த முட்டைக்கோஸ். வேலை முடிந்து வந்ததும் இனிப்பான சிவப்புச் சிரப் தண்ணீர். இரவு கஞ்சி.

"முட்டை?"

"தாள்ல செகப்புக் கோடு போட்டிருந்துச்சு மேடம்."

"கச்சாங்?"

"அதுக்கும் செகப்புக் கோடு."

"அவித்த மீன்? அதற்குக் கோடு இல்லையே."

"மீனுலயும் எண்ணெய் இருக்குன்னு ரேடியோல சொன்னாங்க. எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

மேடம் கூவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். வராந்தாவுக்கு வந்ததும் நான் எழுதியதைக் கூட்டிப் பார்க்கச் சொன்னார். ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்து இரண்டு தேக்கரண்டிக் கொழுப்புகூட இல்லை.

"பித்தப்பைக்கு என்ன வேலை?" என்று கேட்டார். முதலாண்டு மாணவியிடம் கேட்பதுபோல.

"கொழுப்பு உள்ளே போனால் சுருங்கிப் பித்தத்தை வெளியே தள்ளும், மேடம்."

"கொழுப்பே போகாவிட்டால்?"

"தள்ளாது. தேங்கும்."

"எடையும் கிடுகிடுவென்று இறங்கினால்?"

"உடம்பு தன் கொழுப்பைக் கரைக்கும். பித்தத்தில் கொலஸ்ட்ரால் கூடும். தேங்கினால் கல்லாகும்."

"எல்லாம் தெரிந்திருக்கிறது" என்றார். அவர் ஹொக்கியனில் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "கல் பல வாரமாக இருந்திருக்கும். கோழித்துண்டு அதை நேற்று அசைத்தது, அவ்வளவுதான். அவள் கோழியால்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீ சொல்கிறாயா, நான் சொல்லவா? நான் மலாயில் சொன்னால் பாதிதான் புரியும். மீதிப் பாதியில் மறுபடி அந்தக் கோழியைப் போட்டு நிரப்பிக்கொள்வாள்."

திரும்பப் போனேன். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னேன். கோழியால் இல்லை, கமலா. நாக்கால் இல்லை. நான் கொடுத்த தாளால், நான் சொன்ன வார்த்தையால். உடம்புக்குக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும், அதை நான் உங்களிடம் சொல்லவில்லை. முடி கொட்டியதற்கும் ஷாம்பூ காரணமில்லை.

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என் பிள்ளைங்க பொரிச்ச மீன் சாப்பிடும்போது அந்த வாசன தாங்காம நான் போய் பால்கனில நிப்பேன் மிஸ்ஸி. அஞ்சு மாசம். சின்னவன் வந்து, அம்மா ஏன் எங்களோட சாப்பிடலன்னு கேப்பான். எங்கப்பா மாதிரி செத்துறக் கூடாதுன்னு நின்னேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க நேத்தே சொல்லியிருக்கலாம்ல? நான் மன்னிப்புக் கேட்டேனே உங்ககிட்ட."

அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அந்தப் பலகையில இருக்கிற என் போட்டோவ எடுத்துருங்க."

எடுத்தேன். அவளுடைய கோப்பில் நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னார் மேடம் கூ. 'நோயாளி எண்ணெயைத் தவிர்த்தார்' என்று ஆரம்பித்தேன். அதை அடித்துவிட்டு, "யார் தவிர்க்கச் சொன்னது? அதிலிருந்து தொடங்கு" என்றார். மூன்றாவது முறை எழுதியதில்தான் அவர் கையெழுத்துப் போட்டார்.

குழாயை அடைத்த கல்லை முதலில் எடுத்தார்கள். பிறகு பித்தப்பையையே எடுத்தார்கள். புண்ணில் சீழ் பிடித்து மூன்று வாரம் படுத்திருந்தாள். வீட்டுக்குப் போன பிறகு கிளினிக்குக்கு இரண்டு தவணை வரவில்லை. இனி வரமாட்டாள் என்று கோப்பை மூடப் போனபோது மூன்றாவது தவணைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஏழு கிலோ ஏறியிருந்தாள்.

"எதச் சாப்பிடக் கூடாதுன்னு சொல்லாதீங்க. எதச் சாப்பிடணும், எவ்வளவு சாப்பிடணும், அத மட்டும் சொல்லுங்க. அப்படின்னா வர்றேன்."

அன்று வெளியே எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. தேக்கரண்டியை மேசையில் வைத்தேன். சமையலுக்கு ஒரு நாளைக்கு இத்தனை கரண்டி எண்ணெய், ஊற்றாமல் அளந்து. காலையில் ஜாம் ரொட்டிக்குப் பதில் முட்டை. பத்து மணிக்கு ஒரு கைப்பிடி கச்சாங். வாரத்தில் மூன்று நாள் கெம்போங் மீன், நல்ல எண்ணெய் உள்ள கானாங்கெளுத்தி. தேங்காய்ப்பால் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு மட்டும். சிரப்பை முதலில் நிறுத்தினோம். கொழுப்பே இல்லாத அந்தச் சிவப்புத் தண்ணீர்தான் அவளைப் பசியோடு வைத்திருந்தது. முட்டை சாப்பிட்ட நாட்களில் மத்தியானம் வரை பசிக்கவில்லை என்று அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். எடை ஒன்றரை வருடத்தில் இறங்கியது. நடுவில் நின்றது, ஒருமுறை தீபாவளிக்கு ஏறியது, மறுபடி இறங்கியது. கொலஸ்ட்ராலும் குறைந்து வந்தது. மேடம் கூ அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இது மனித ஜென்மம்" என்றார். அவரிடமிருந்து நான் வாங்கிய ஒரே பாராட்டு அது, அதுவும் எனக்கானதல்ல.

இளஞ்சிவப்புத் தாளை மாற்றி எழுதி மேலிடத்துக்கு அனுப்பினோம். பதில் வந்தது: கருத்து வரவேற்கத்தக்கது, ஆனால் பழைய தாள் மூன்று பெட்டி மிச்சமிருப்பதால் அது தீர்ந்த பிறகு புதியது அச்சாகும். விஞ்ஞானமும் கையிருப்பு தீரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். மேடம் கூ மறுபேச்சுப் பேசவில்லை. அன்றிலிருந்து எங்கள் பிரிவின் எல்லாக் குறிப்புகளையும் அந்தத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதவைத்தார். இரண்டே மாதத்தில் மூன்று பெட்டியும் தீர்ந்துவிட்டன.

அதற்குப் பிறகு எவ்வளவோ மாறிவிட்டது. முட்டைக்கு விடுதலை கிடைத்தது. இப்போது நான் பார்க்கிற வீடியோக்களில் சிவப்புக் கோடு சோற்றின்மேல் இருக்கிறது, அதைப் போடுகிற முகங்கள்தான் வேறு. அவர்களுடைய நம்பிக்கையைப் பார்க்கும்போது எனக்கு என் பழைய முகம் ஞாபகம் வருகிறது. எடையைக் குறைக்கக் கொழுப்பைக் குறைப்பது ஒரு வழி. மாவைக் குறைப்பது இன்னொரு வழி. எதையும் ஒரேயடியாக ஒழிப்பதற்கு முன் அந்த இடத்தில் எதை வைக்கப்போகிறோம் என்று கேட்க வேண்டும். வெண்ணெயும் கெம்போங் மீனும் உடம்புக்குள் போய் ஒரே வேலை செய்வதில்லை. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். முப்பது செகண்டில் அடங்காது.

போன மாதம் ஜெலுத்தோங் பசாரில் மீன் வாங்க நின்றிருந்தேன். "மிஸ்ஸி!" என்று ஒரு குரல். இந்தக் காலத்தில் என்னை அப்படிக் கூப்பிட யார் இருக்கிறார்கள் என்று திரும்பினேன். கமலா. அறுபதைத் தாண்டிவிட்டாள். முடி நரைத்திருந்தது, ஆனால் அடர்த்தியாக இருந்தது. தன் அப்பாவைவிடப் பத்து வருடத்துக்கு மேல் அதிகமாகவே வாழ்ந்துவிட்டாள். கூட வந்திருந்த மருமகளிடம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"இவங்கதான் நான் சொல்வேன்ல, என்னை ஆஸ்பத்திரில படுக்க வெச்ச மிஸ்ஸி. அப்புறம் எழுப்பி விட்டதும் இவங்கதான்."

மீன்காரர் உட்பட எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஓய்வு பெற்ற நாளன்று அரசாங்கம் எனக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று கொடுத்தது. அதில் அர்ப்பணிப்பு, ஈடுபாடு என்றெல்லாம் எழுதியிருக்கிறது. இவ்வளவு சரியாக அதில் எதுவும் இல்லை. நான் மறுக்கவில்லை. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அரைக் கிலோ கெம்போங் நிறுக்கச் சொன்னேன்.